வலிக்காத முழங்கால்

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது மார்லிஸின் நிலைமை. முழங்கால் வலி போனதென்னவோ உண்மை. படியில் தடதடவென்று இறங்குகிறாள். வாசலில் குவிந்த பனியைத் தானே அள்ளிக் கொட்டுகிறாள். பனித்தளத்தில் கனத்த கல்லை வழுக்கவிட்டு வட்டத்துக்குள் நிறுத்தும் கர்லிங் ஆட்டத்தில் மட்டும் ஒன்றும் பிடிபடுவதில்லை. காலை உதைத்து வழுக்கிப் போய்க் கல்லை விட்டால், அது வட்டத்தைத் தாண்டிச் சுவரில் போய் முட்டுகிறது. கொஞ்சம் அடக்கி விட்டால் பாதி வழியிலேயே படுத்துக்கொள்கிறது.

ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கிளாஸ் பீர் வாங்கித் தர வேண்டும் என்பது கர்லிங் மன்றத்து வழக்கம். அறுவை சிகிச்சை முடிந்து ஆட வந்ததிலிருந்து மார்லிஸுக்கு ஓசிக் குடிதான்.

"உன் புண்ணியத்துல எங்களுக்கும் செலவே இல்லடி," என்றாள் ரோண்டா.

மார்லிஸுக்குச் சுருக்கென்றது. அவள் ஓய்வில் இருந்தபோது அவளுக்குப் பதிலாக அணித்தலைவியாக நின்று கடைசிக் கல்லை விட்டவள் ரோண்டா. விட்டு, ஜெயித்தும் காட்டியவள். சனிக்கிழமை மாவட்டப் போட்டி. அதில் தலைவி யார் என்று கேட்க எல்லோருக்கும் வாய்வரை வந்துவிட்டது, கேட்கத்தான் யாருக்கும் துணிவில்லை.

"கடைசிக் கல்லு என்னோடதுதான். சொல்லிட்டேன்," என்றாள் மார்லிஸ். எல்லோரும் சரிசரியென்று தலையாட்டினார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாளே காரை எடுத்துக்கொண்டு சஸ்காட்டூன் நகரத்துக்குப் போய், முட்டியை அறுத்த டாக்டர் ஃப்ரீசன் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஆபரேஷனுக்கு வெச்ச உங்க ரோபோ எங்கயாச்சும் தப்பா அளந்திருக்குமோ டாக்டர்?"

அவர் எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "ரோபோ தானா ஒண்ணும் பண்றதில்லைங்க. அறுத்தது நான்தான். குறிச்ச எல்லைய என் கை தாண்டப் போனா அது பிடிச்சு நிறுத்தும், அவ்வளவுதான். கெட்டுப்போன பாதிய மட்டும்தான் மாத்தினோம். மீதிப் பாதி உங்களோடதேதான்."

"அப்ப இவ்வளவு மோசமா ஆடறது எந்தப் பாதி?"

டாக்டர் சிரித்தார். "முட்டி அருமையா இருக்கு. கர்லிங் பத்தி என்கிட்ட கேக்காதீங்க, எனக்கு ஆடத் தெரியாது."

வீட்டுக்கு வீடு கர்லிங் ஆடும் சஸ்காட்சுவானில் பிறந்து வளர்ந்துவிட்டுக் கர்லிங் தெரியாதாம்! இந்த மனிதரிடமா காலைக் கொடுத்தோம் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தாள். பனித்தளத்தைக் குறை சொன்னாள், காலணியைக் குறை சொன்னாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அது அவளுக்கே தெரிந்ததால் அழுகை வந்தது.

வியாழக்கிழமைப் பயிற்சியில், கல் இன்னும் தூரம் போவதற்காக அதற்கு முன்னால் ஓடித் துடைப்பத்தால் பனியைத் தேய்க்கும் டார்லீன் மெல்ல அருகே வந்தாள்.

"ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"சொல்லித் தொலை."

"முன்னெல்லாம் உதைக்கறப்ப 'ஸ்ஸ்'னு முனகுவ. நீளமா முனகினா கல்லு வேகமா வருதுன்னு அர்த்தம், நாங்க சும்மா கூட ஓடி வருவோம். குட்டையா முனகினா உயிரக் குடுத்துத் தேய்ப்போம். இப்ப சத்தமே இல்லாம வர்றியா, எங்களுக்கு ஒரு எழவும் புரியல."

மார்லிஸ் குனிந்து தன் முட்டியைப் பார்த்தாள். அவர்களுக்கு மட்டுமா புரியவில்லை? எந்த இடத்தில் சுருக்கென்றால் கல் வட்டத்துக்கு முன்னால் நிற்கும், எங்கே குத்தினால் எதிராளியின் கல்லைத் தூக்கியடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கும் அந்த வலி சொல்லிக்கொடுத்த கணக்குத்தான். பாழாய்ப்போன வலி!

அடுத்த கல்லுக்கு வேண்டுமென்றே 'ஸ்ஸ்' என்று முனகிப் பார்த்தாள். டார்லீனும் அவளோடு சேர்ந்து தேய்க்கும் கோலீனும் சிரித்துச் சிரித்துத் தேய்க்க மறந்தார்கள். கல் எங்கோ போயிற்று. மார்லிஸும் சிரித்தாள். ஆனால் இல்லாத வலியை எங்கிருந்து கொண்டுவருவது?

சனிக்கிழமை உடை மாற்றும் அறையில் ரோண்டா தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தாள். "மார்லிஸ், அந்தக் கடைசிக் கல்லு..."

"நீயே விடு."

"கோவமாடி?"

"கோவம்தான். யார்மேலன்னுதான் தெரியல. அந்தத் துடைப்பத்த இங்க குடு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்லிஸ் தலைவியானதே, தேய்த்துக்கொண்டு ஓட முட்டி இடம் கொடுக்காமல் போனதால்தான். தலைவி ஓட வேண்டியதில்லை, நின்ற இடத்திலிருந்து கத்தினால் போதும். காலம் போகப் போக, திறமையால்தான் அந்த இடம் கிடைத்தது என்று அவளே நம்பிவிட்டாள். அது திறமையா, முட்டியா? இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஆட்டம் சமநிலையில் வந்து நிற்க, ரோண்டா கடைசிக் கல்லை விட்டாள். மெதுவாகத்தான் வந்தது.

ரோண்டா கல் விடுவதால் அவளுக்குப் பதில் மறுகோடியில் வட்டத்தருகே நின்ற கோலீன், "தேய்! தேய்ங்கடி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

மார்லிஸ் குனிந்தாள். டார்லீனுக்குச் சரிசமமாக, மூச்சிரைக்க, தளத்தின் முழு நீளமும் தேய்த்துக்கொண்டே ஓடினாள். கல் ஊர்ந்து ஊர்ந்து வட்டத்தின் நடுவே போய் நின்றது. ஜெயித்துவிட்டார்கள். கூடமே எழுந்து நின்று ரோண்டாவின் பேரைச் சொல்லிக் கத்தியது.

மார்லிஸ் துடைப்பத்தின்மேல் சாய்ந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

டார்லீன் பதறிப்போனாள். "ஏண்டி, ரொம்ப வலிக்குதா?"

"இல்லடி," என்று தேம்பினாள் மார்லிஸ். "கொஞ்சங்கூட வலிக்கல."