கோச்சம்மா கரையில் இருந்த மாதம்

மிதவைப் பலகையைக் குழந்தை என்று நினைத்து உடுத்திய உடுப்போடு நீச்சல்குளத்தில் குதித்தபோதுதான், நீச்சல் கற்றுத்தரும் கோச்சம்மாவுக்குத் தன் வலது கண்மேல் சந்தேகம் வந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாளே கண் மருத்துவரிடம் போய்விட்டார்.

"புரை நல்லா முத்தியிருக்கு. எடுத்துடலாம்," என்றார் மருத்துவர்.

"எடுத்துடுங்க. நான் எப்போ தண்ணியில இறங்கலாம்?"

"நான் சொல்றப்போ. ஒரு மாசம் கிட்ட ஆகும்."

கத்தி என்றபோது கலங்காத முகம் அப்போதுதான் சற்று வாடியது. கல்யாணமான வாரத்தில்கூட நீச்சலை விடாதவர் அவர்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் சொட்டு மருந்து விட ஆள் வேண்டுமே என்று பேச்சு வந்தபோது, மருமகளின் அம்மா தானாகவே ஒரு பையோடு வந்து இறங்கினார். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் சரிபார்க்காமல் நம்பமாட்டார். சம்பந்திகள் இருவருக்கும் சண்டை எதுவும் கிடையாது. விசேஷங்களில் பார்த்தால் நலம் விசாரித்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான் பழக்கம்.

அறுவை சிகிச்சை அன்று மருந்தை விட்டு விட்டுக் கண்மணியை விரியவைத்தார்கள். பிறகு மரத்துப்போக ஒரு சொட்டு. முகத்தைத் துணியால் மூடி அந்த ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டார்கள். "இருமல் வந்தா முன்னாடியே சொல்லுங்க. தலையை மட்டும் ஆட்டிடாதீங்க," என்றார் மருத்துவர். கோச்சம்மா நிதானமாக மூச்சு விட்டார். வெளிச்சம் மேலே கலங்கி அசைந்தது, நீருக்கடியிலிருந்து விளக்கைப் பார்ப்பதுபோல. கன்னத்தில் ஈரம் வழிந்தது. ஏதோ இயந்திரம் மெல்ல முனகியது. "பழைய லென்ஸை எடுத்தாச்சு. புதுசை வைக்கிறேன்." இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கலாமே என்று நினைப்பதற்குள் எழுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"வலிச்சுதா?"

"இல்ல."

"கொஞ்சம்கூடவா? கத்தி கண்ணுல பட்டுச்சா?"

"வெளிச்சம்தான் தெரிஞ்சுது."

சாப்பாடு போடும்போதும் இதே விசாரணை, மாத்திரை கொடுக்கும்போதும் இதே விசாரணை. கோச்சம்மாவுக்குப் பொறி தட்டியது.

"சம்பந்தி, உங்களுக்கு எந்தக் கண்ணு?"

அவர் மாத்திரைப் புட்டியை இறுக்கி மூடினார். "ரெண்டும். போன வருஷமே சொல்லிட்டாங்க. பொண்ணுகிட்ட சொல்லல. சொன்னா உடனே தேதி குறிச்சிடுவா."

"அப்போ என்னை வச்சு சோதனை பண்றீங்க."

"சரிபாக்கறேன்."

கோச்சம்மா சிரித்த சிரிப்பில் கண்ணுக்கு மேல் ஒட்டியிருந்த கவசம் ஆடியது. அதன் பிறகு இருவருக்கும் பேச்சு சகஜமாகிவிட்டது. அன்று முழுக்கக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல்; கசக்கப் போன கையைச் சம்பந்தி எட்டிப் பிடித்துக்கொண்டார். மறுநாள் பரிசோதனைக்குப் போய்க் கவசத்தை எடுத்தபோது, சுவரில் மாட்டியிருந்த நீலத் துணியைக் கோச்சம்மா இமைக்காமல் பார்த்தார். இடது கண்ணால் பார்த்தால் அதே துணி பழுப்பேறித் தெரிந்தது.

"வலி கூடினாலோ, பார்வை குறைஞ்சாலோ, கண்ணு ரொம்ப சிவந்தாலோ உடனே வந்துடணும்," என்றார் மருத்துவர். கோச்சம்மா தலையாட்டினார். சம்பந்தி அதை ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார்.

நாளாக நாளாக உறுத்தல் குறைந்தது. பொடி எழுத்து படிக்க மட்டும் மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது. ஆனால் தண்ணீரில்லாமல் கோச்சம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மாலை, நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் குளத்தங்கரையில் போய் நின்றார். பின்னாலேயே சம்பந்தி வந்து சேர்ந்தார்.

"கரையிலதான் நிக்கிறேன்," என்றார் கோச்சம்மா.

"நில்லுங்க. யாரு வேணாம்னா?" சம்பந்தி குடையை விரித்து, தண்ணீர் தெறிக்கும் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். பிள்ளைகளுக்கு மறுபடியும் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தது. கோச்சம்மாவோ அக்கரையில் நின்ற பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் பயந்து நிற்கிறார்கள் என்பது இவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, சரிபார்த்தது போதும் என்று சம்பந்தி தன் மகளிடம் தானே கண் விஷயத்தைச் சொன்னார். அவர் நினைத்தபடியே மகள் மறுநாளே தேதி வாங்கிவிட்டாள்.

மருத்துவமனையில் சம்பந்தியின் முறை வந்தது. கோச்சம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சை இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. மெதுவா வெளிய விடுங்க, போதும். மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க."

சம்பந்தி ஒருமுறை விட்டுக் காட்டினார். "இது சரியா?"

"ரொம்ப சரி. போயிட்டு வாங்க."

திரும்பி வந்தபோது ஒரு கண்ணில் கவசம், முகத்தில் நிம்மதி. "முடிஞ்சுது. ஆனா லேசா அழுத்தற மாதிரி இருந்துது. அதை நீங்க சொல்லவே இல்ல."

"நீங்க கேட்டது வலிச்சுதான்னு."

சம்பந்தி யோசித்தார். "ஆமா, கேள்வி தப்பு," என்று ஒப்புக்கொண்டார்.

கோச்சம்மாவுக்குக் குளத்தில் இறங்க அனுமதி கிடைத்த காலையில், சம்பந்தி கறுப்புக் கண்ணாடியோடு கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோச்சம்மா நீச்சல் கண்ணாடியை இறுக்கிக்கொண்டு இறங்கினார். அடித்தளத்தில் ஓடு பதித்துப் போட்டிருந்த கோடு, ஒவ்வொரு ஓடாக எண்ணலாம் போல் தெளிந்து கிடந்தது. அக்கரையைத் தொட்டு, திரும்பி வந்து, மூச்சு வாங்கத் தலை தூக்கினார்.

"சம்பந்தி," என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "உங்க இடது கால் பாதிதான் உதைக்குது."

"யாரு சொன்னா?"

"எனக்குத்தான் இப்போ நல்லா தெரியுதே."

கோச்சம்மா காலை ஒருமுறை நீட்டி மடக்கிப் பார்த்தார். சொன்னது சரிதான். "இப்போ பாருங்க," என்று சுவரை உந்திப் புறப்பட்டார்.