அவர்களிடம் இருக்கும் நம் பேச்சு

எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டையை எதிர்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவும் இருந்தான். மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போன பிறகும் அதில் எழுதிக்கொண்டுதான் இருந்தான். அதனால் வியாசர்பாடியில் இருந்த அவன் மனைவி மகிழினியைப் போலீசார் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

சாதாரண உடையில் இருந்த அதிகாரி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். போராட்டப் பேச்சு ஒன்றும் அதில் இல்லை. அவளும் அறிவும் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டவைதான் வரிசையாகக் கிடந்தன. எப்படி எடுத்தார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"'கப்பல் எப்ப கரைக்கு வரும்'னு கேட்டிருக்கியே. எந்தக் கப்பல்? என்ன சரக்கு?"

"அது என் வூட்டுக்காரரு சார். அப்டித்தான் கூப்புடுவேன்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அதிகாரி சிரிக்காமல் அடுத்த வரியை உரக்கப் படித்தார். அவள் கழுத்து மச்சத்தைப் பற்றி அறிவு எழுதியது. மகிழினி துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள்.

"பாத்துக்கிட்டேதான் இருப்போம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

டோல்கேட் நிறுத்தத்தில் பஸ் ஏறியதும் தன் போனில் இருந்த அவர்கள் பேச்சு எல்லாவற்றையும் அழித்தாள். அதன்பின் அறிவு கூப்பிட்டால், "சாப்ட்டியா? சரி, வெச்சிடறேன்" என்பதோடு முடித்துக்கொண்டாள். காரணத்தைச் சொல்லவும் அந்தப் போனைவிட்டால் வழியில்லை. சொன்னால் அவர்களும் கேட்பார்கள். "எம்மேல இன்னா கோவம்?" என்று கேட்டுக் கேட்டு அவனும் ஓய்ந்தான். அவன் 'மகி' என்று இழுத்துக் கூப்பிடும் குரலை நினைத்தபடி அவள் பஸ்ஸில் நிறுத்தத்தைத் தவறவிட்ட நாட்கள் உண்டு.

விடுமுறையில் வந்தவன் விருந்தாளி போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். மகிழினி இரண்டு போன்களையும் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, அவனைத் திருவொற்றியூர் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். அலைத்தடுப்புப் பாறையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

அறிவு அவள் பக்கம் திரும்பினான்.

"நீ என்னிய வெறுத்துட்டன்னு நெனச்சேன். மனசு பேஜாராயி, நீ அனுப்புனது அல்லாத்தையும் அழிச்சிட்டேன் மகி."

"நானுந்தான்."

"அப்ப நாம பேசுனதெல்லாம் அவுங்ககிட்ட மட்டுந்தான் கீதா?"

அவள் தலையசைத்தாள். அழுகையை அடக்க முடியவில்லை.

"போன அன்னிக்கு ஏர்போர்ட்லேந்து ஒண்ணு அனுப்புனேனே, இன்னா அது?" என்றான்.

"பொட்டி கனமா கீதுன்னு எதுவோ..."

"அதுக்கு நீ இன்னா எழுதுன?"

அவளுக்கு நினைவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். அவனும் யோசித்தான்.