பெல்ட்டில் வைக்காத ரொட்டி

அரசாங்கக் கட்டடங்களை எப்படிக் காப்பது என்று விதி எழுதத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து இரண்டு பேர் வந்து எங்கள் ஊரில் பதினைந்து நாள் தங்கினார்கள். பழைய தபால் நிலையத்தின் மாடியில் அவர்களுக்கு அறை. அதைக் கூட்டித் துடைத்துத் தேநீர் கொடுப்பது என் வேலை. சாலைக்கும் வாசலுக்கும் எத்தனை மீட்டர் இருக்க வேண்டும், கண்ணாடி எத்தனை தடிமன் என்று நாள் முழுக்கப் பேசுவார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன நான் கோப்பைகளை எடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். நான் அறையில் இருப்பதே பெரும்பாலும் அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. அதனால்தான் வாசல் சோதனைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"உல்ஜான், நாளைக்கு நிர்வாக ஆபீசுக்கு ஒரு மூட்டை கொண்டு போவியா?" என்றார் தாலாய்பெக். இருவரில் மூத்தவர் அவர். இடது காதுக்குப் பின்னால் தீக்காயத் தழும்பு உண்டு. முன்பு வேலை பார்த்த அலுவலகத்தைக் கூட்டம் கொளுத்திய நாளில் பட்டது.

"மூட்டையில என்ன?"

"இரும்புக்கட்டி. ஒயர் சுத்தி வச்சிருக்கேன். வெடிக்காது, பயப்படாத. வாசல்ல புடிக்கிறாங்களான்னு பாக்கணும்."

அதை எதற்குள் ஒளிப்பது என்று அவர்கள் யோசித்தபோது, "ரொட்டிக்குள்ள" என்று நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யாரோ என்னிடம் ஒன்றைக் கேட்டார்கள், எனக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

காலையில் நான்கு வட்ட ரொட்டி சுட்டேன். இரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில் இரும்பை வைத்துத் துணியில் கட்டினேன்.

வாசலில் ஷெர்கசி நின்றார். ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை. கலவரத்தில் இந்தக் கட்டடத்தின் ஜன்னல்களில் கல் விழுந்த வருஷம், பிறப்புப் பதிவேடுகள் இருந்த அறைக் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து மாலைவரை நின்றவர். மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் கட்டடத்துக்குப் பின்னால் காவலர் குடியிருப்பில் இருந்தார். வேலை போனால் அந்த வீடும் போகும்.

எனக்கு முன்னால் நின்றவர்கள் சேறு பிடித்த பூட்ஸைக் கழற்றி ஸ்கேனர் பெல்ட்டில் வைத்தார்கள். பெல்ட் முழுக்க உருகிய பனி. ஷெர்கசி என் மூட்டையைப் பார்த்தார்.

"ரொட்டியா?"

"ஆமா பாய்கே. சித்தி இங்க வேல பாக்குறாங்க." அண்ணன் வயதுக்காரரை நாங்கள் பாய்கே என்போம்.

இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார். ரொட்டி வந்தால் எல்லோரிடமும் அப்படித்தான் வாங்குவார். செருப்பு போகும் இடத்தில் யார் ரொட்டியை வைப்பார்கள்? "கனமா இருக்கே. ஊருக்கே சுட்டியா?"

"பன்னெண்டு பேருக்கு."

"அப்ப காவக்காரனுக்கும் சேத்துத்தான்" என்று துணியின் ஒரு முனையை அவிழ்த்து, மேல் ரொட்டியின் ஓரத்தில் விரல்நகம் அளவு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். நீட்டிய ரொட்டியை ருசி பார்க்காமல் அனுப்புவது எங்களுக்கு வழக்கமில்லை. மேலே இருக்கும் இரண்டு ரொட்டியையும் தூக்கினால் இரும்பு தெரியும். தூக்கிவிடுங்கள் என்று மனசுக்குள் சொன்னேன். அவர் முனையைப் பழையபடி முடிந்து, மூட்டையைத் தலைக்கு மேல் உயர்த்தி, மெட்டல் டிடெக்டர் சட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தார். நான் வெறுங்கையோடு சட்டத்துக்குள் நடந்தேன். அது சத்தம் போடவில்லை.

உள்ளே பிறப்புச் சான்றிதழுக்கு நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். பாதிப்பேர் கையில் குழந்தை. அவர்கள் நடுவில் மூட்டையோடு ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

தபால் நிலைய மாடிக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் தாலாய்பெக் அறிக்கையை எழுதிவிட்டார். 'காவலர் ஷெர்கசியின் கவனக்குறைவால்' என்று அதில் இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"பேர் வேணாமே" என்றாள் நூர்சுலு. இருவரில் இளையவள், இன்ஜினியர். "பேர் போனா வேல போகும். பொறவு குளிர்காலத்துல அஞ்சு பேரும் தெருவுலதான்."

"பேரில்லாத அறிக்கைய எவன் படிப்பான்? மேல கேப்பாங்க, யாரு, எந்த வாசல்னு."

"கவனக்குறைவுன்னு எழுதாதீங்க" என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "அட, பேசுது" என்றாள் நூர்சுலு.

"பின்ன என்னன்னு எழுத?" என்றார் தாலாய்பெக்.

மூட்டையைப் பிரித்து ஒரு ரொட்டியை அவரிடம் நீட்டினேன். "இத உங்க பூட்ஸ் பலகையில வைங்க."

கதவோரத்துப் பலகையில் அவர்கள் பூட்ஸ்கள் நீர் சொட்டிக்கொண்டிருந்தன. அவர் ரொட்டியோடு அங்கே போனார். குனிந்தார். கை பாதியில் நின்றது. நூர்சுலு சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அவர் அக்குளில் இடுக்கியிருந்த ஃபைலை எடுத்துப் பலகைமேல் விரித்து, அதன்மேல் ரொட்டியை வைத்தார்.

"வச்சுட்டேன்" என்றார். குரலில் கோபமில்லை. "காவக்காரருக்கும் ஒரு தட்டு கெடச்சிருக்கும். தேடல."

நான் சொல்ல வந்ததை எனக்கு எதிராகவே திருப்பிவிட்டார். அதுவும் உண்மைதான்.

"நல்ல யோசனதான்" என்று உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். 'உணவுக்கெனத் தனியே வெள்ளைத் தட்டு. வேறெதற்கும் பயன்படுத்தலாகாது. ரொட்டியும் தட்டோடு ஸ்கேனர் வழியே செல்ல வேண்டும்.' எல்லா ஊர்களின் வாசல்களுக்கும் அந்த விதி போகும் என்றார். "ஆனா சோதன நடந்ததுன்னு நீ கையெழுத்துப் போட்டாத்தான் விதி நிக்கும். இல்லன்னா இது தாலாய்பெக் கண்ட கனா."

"அந்த வார்த்தைய மட்டும் மாத்துங்க."

அவர் 'கவனக்குறைவால்' என்பதை அடித்து, 'வழக்கத்தின் காரணமாக' என்று எழுதினார். பெயரை அடிக்கவில்லை.

"இதனால வேல தங்குமா?"

"அது என் கையில இல்ல, பொண்ணு."

அந்த நாற்பது பேரை நினைத்தேன். ஒரு குழந்தை என் மூட்டைத் துணியைப் பிடித்து இழுத்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வேலை பற்றி ஷெர்கசிக்குக் கடிதம் வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று நேரே வாசலுக்குப் போனேன். எனக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள்.

"காலைல கொண்டு வந்த மூட்டையில இரும்பு இருந்துச்சு பாய்கே. சோதனைக்கு அனுப்பினாங்க. அறிக்கையில உங்க பேரு இருக்கு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவர் முகம் உடனே மாறவில்லை.

"ரொட்டி?"

"நெசமான ரொட்டிதான். நான் சுட்டது."

தலையை ஆட்டினார். பிறகு, "வீட்ட எப்பக் காலி பண்ணச் சொல்வாங்க?" என்றார்.

"தெரியல."

"தெரியாதா?" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். என் தோளுக்கு மேல் வரிசையைப் பார்த்தார். "சரி, நகரு. ஆளுங்க நிக்கிறாங்க."