காப்பாற்ற ஆள் இல்லை

நான்கு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இன்பமேரியின் இரண்டு கால்களும் சூம்பிப்போயின. மலைக் கிராமமான வெள்ளக்கடையில் தாய் செல்வமேரியோடு இருந்தாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துவந்த தாய்க்கு நெஞ்சு நோய் வந்து வேலை நின்ற பிறகு, ஊனமுற்றோருக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. தபால்காரர் மாதாமாதம் மணியார்டர் கொண்டுவருவார். காப்பாற்ற ஆள் இல்லாதவர்களுக்கு மட்டுமே அந்தப் பணம் என்பது இருவருக்கும் தெரியும்.

1986 கோடையில், அதே மலையில் உள்ள வாழவந்தியில் மிளகு பறிக்கும் மரியஜோசப் அவளைப் பெண் கேட்டு வந்தான். மனைவியை இழந்தவன், அதிகம் பேசாதவன். இன்பமேரிக்குப் பிடித்திருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் அறிவிக்கும் ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைதான் பாக்கி. பணம் நின்றுவிடுமே என்ற பயம் மட்டும் செல்வமேரியைத் தூங்கவிடவில்லை. தாலுகா ஆபீசுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். உதவித்தொகை வாங்குகிறவர்களை வருடத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும். மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்ற மரியஜோசப் அப்போது கூரைமேல் இருந்தான்.

சம்பாதித்துப் போட யாராவது உண்டா என்று அவர் கேட்டார். யாருமில்லை என்றாள் செல்வமேரி. மேலே ஓடு நகர்கிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவனைக் கீழே இறங்கச் சொன்னார்.

"நீ யாருப்பா?"

மரியஜோசப் கையைத் துண்டில் துடைத்தான். செல்வமேரியின் கண்கள் அவனைக் கெஞ்சின.

"கூலிங்க. ஓடு மாத்த வந்தேனுங்க."

தனக்காகத்தான் அப்படிச் சொல்கிறான் என்று இன்பமேரிக்குப் புரிந்தது. புரிந்தும் நெஞ்சு எரிந்தது.

இன்ஸ்பெக்டர் தாளில் எழுதி அவள் பக்கம் நகர்த்தினார். தனக்கு ஆதரவு யாருமில்லை என்று அதில் இருந்தது. "காப்பாத்த ஆள் இல்லாதவங்களுக்குத்தாம்மா இந்தப் பணம். பொய் சொல்லி வாங்கினதுன்னு தெரிஞ்சா அத்தனையும் திருப்பிக் கட்டணும். பார்த்துக் கையெழுத்துப் போடு."

இன்பமேரி பேனாவை வாங்கினாள். அம்மாவின் மருந்து நினைவுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு கோயிலில் தன் பெயரும் அவன் பெயரும் சேர்ந்து ஒலிக்கப்போவதும் நினைவுக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவரு கூலி இல்லீங்க. என்னையக் கட்டிக்கப்போறவரு."

செல்வமேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எழுதியதை அடித்தார். கல்யாணம் இன்னும் ஆகாததால் இந்த மாதப் பணம் வரும், அதன்பின் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏனுங்க அப்புடிச் சொன்னீங்க?" என்று கேட்டாள் இன்பமேரி.

"பணம் போயிருமேன்னுதான்."

"இனிமே யாரு கேட்டாலும் அப்புடிச் சொல்லாதீங்க."

அவன் சரியென்று தலையாட்டிவிட்டு மீண்டும் கூரைமேல் ஏறினான்.

கல்யாணம் நடந்தது. மணியார்டர் ஒருமுறை வந்து நின்றுபோனது. அந்த மழைக்காலம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மரியஜோசப் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் பலமுறை கேட்டு, தரம் பிரிக்க வேண்டிய காப்பிக்கொட்டை மூட்டைகளை வீட்டுக்கு வாங்கிவந்தான். இன்பமேரி உட்கார்ந்த இடத்திலேயே பொறுக்கினாள். செல்வமேரி மருமகன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

கிறிஸ்துமசுக்கு முன் ஒருநாள் செல்வமேரிக்கு மூச்சு முட்டியது. மரியஜோசப் அவளை முதுகில் சுமந்து ரோட்டுக்கு வந்து, சேலத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மூன்றாம் நாள் திரும்பும்போது, மலை ஏறும் பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்திருந்தவள் வாய் திறந்தாள்.

"சன்னலைச் சாத்து சாமி. குளிருது."