மருமகள் மாறியது

கேட்டைத் திறக்கும்போதே தங்கப்பொண்ணுக்கு கேஸ் வாடை அடித்தது. பையை வாசற்படியிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஹாலில் அவள் கணவர் மொக்கைச்சாமி நாற்காலியை டிவிக்குக் கிட்டத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏதோ சமையல் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்படியில் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. குமிழ் மட்டும் திறந்தபடியே இருந்தது. குமிழை மூடி, சிலிண்டரை மூடி, கொல்லைக் கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். எந்த சுவிட்சையும் தொடவில்லை. வாடை அடங்கும்வரை அவரை வெளியே கூட்டிப்போய் முருங்கை மரத்தடியில் நிறுத்தினாள்.

"பாலை அடுப்புல வச்சீங்களா?"

"வச்சேன். அணைச்சிட்டேனே. தீ இல்லையே."

"வாடை கூடவா தெரியல?"

"ரெண்டு நாளா மூக்கடைப்பு."

அவர் சொன்ன விதத்தில் சந்தேகமே இல்லை. அதுதான் அவளுக்கு பயமாக இருந்தது.

தங்கப்பொண்ணு எளிதில் பயப்படுகிற ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பதை மேற்பார்வையிட்டு, அடம்பிடிக்கும் பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, அதிகாரி திடீரென்று வந்து நின்றாலும் குரல் மாறாமல் பேசுகிறவள். கீழக்குயில்குடிச் சாலையில் இந்த வீட்டைக் கட்டியபோது கொத்தனாரிலிருந்து பெயிண்டர் வரைக்கும் அவளிடம்தான் வந்து நின்றார்கள். மொக்கைச்சாமி பஸ் டிரைவர். திருவாதவூருக்கும் டவுனுக்குமாக ஓட்டி, ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்காமல் ரிட்டயர் ஆனவர். அப்படிப்பட்ட மனுஷன் கொஞ்ச நாளாக வீட்டில் செய்துவைக்கிற காரியங்கள் அவளுக்குப் பிடிபடவில்லை. தோசைக்கல்லில் எண்ணெய்க்குப் பதில் பாத்திரம் விளக்குகிற பச்சைத் திரவத்தை ஊற்றினார். தெரிந்த கேட்டிலேயே ஸ்கூட்டரைக் கொண்டுபோய் முட்டினார். பக்கத்துத் தெருப் பாண்டீஸ்வரி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. முட்டியது கேட்டின் குற்றம், மாறியது செருப்பின் குற்றம்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் தமிழ்வாணி போனில் பேசினாள். கேஸ் விஷயத்தைக் கேட்டதும் அவள் குரல் இறங்கியது.

"அம்மா, அப்பாவுக்கு மறதி வந்துருச்சும்மா. நம்ம சுருளி மாமாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுச்சு."

பின்தெருச் சுருளி, கட்டிய மனைவியைப் பார்த்து, நீ யாரு வீட்டுப் பொண்ணு தாயி, என்று மரியாதையாகக் கேட்ட கதை ஊருக்கே தெரியும். தங்கப்பொண்ணு போனை வைத்துவிட்டு அரிசி களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள். எந்த நோய் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். மருந்து கொடுக்கலாம், தூக்கி உட்கார வைக்கலாம். தன்னைத் தெரியாத ஆளுக்குத் தான் எப்படிச் சோறு ஊட்டுவது?

சாயங்காலம் ஏழரை மணிக்கு நாடகம் ஆரம்பித்தது. இருவரும் தவறாமல் பார்ப்பது. அதில் மருமகளாக வந்துகொண்டிருந்த ஒல்லியான, கருத்த பெண் போன மாதம் விலகிக்கொண்டாள். இனி இவருக்குப் பதில் இவர் என்று எழுத்துப் போட்டு, உருண்டை முகமும் சிவத்த நிறமுமாக வேறொருத்தியைக் கொண்டுவந்தார்கள். குரல் கொடுப்பவள் மட்டும் மாறவில்லை. அது பொருந்தவே இல்லை என்று தெருவில் எல்லோரும் பேசித் தீர்த்திருந்தார்கள்.

மொக்கைச்சாமி சலித்துக்கொண்டார். "ஆரம்பத்துல இருந்து இந்தப் புள்ள ஒரே மாதிரிதான் நடிக்குது. அதே மூஞ்சி, அதே அழுகை."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணின் கை நின்றது. மறந்துவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் நேற்று நடந்த கதையை, மாமியார் பீரோச் சாவியை ஒளித்துவைத்ததுவரை, சற்றுமுன்தான் ஒன்று விடாமல் சொல்லியிருந்தார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்துன?"

"இப்ப யாரு நிக்கிறா, சொல்லுங்க."

அவர் திரையைப் பார்த்தார். கழுத்தை முன்னால் நீட்டினார். "மருமகதான்."

திரையில் வக்கீல் கோட்டுப் போட்ட ஓர் ஆள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"அது வக்கீலு. எம்புட்டு நாளா?"

அவர் துண்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களத்தான் கேக்குறேன். எம்புட்டு நாளா கண்ணு தெரியல?"

"தெரியலன்னு இல்ல. மங்கலா இருக்கு. போன தீவாளிக்கு முன்னாடி இருந்து."

தங்கப்பொண்ணு சிரித்தாள். அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் கொட்ட, வெங்காயத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "கண்ணா? அம்புட்டுத்தானா?"

அவர் முகம் சுண்டிப்போனது. "ஒனக்குச் சிரிப்பா இருக்கு. எங்காத்தா கடைசி காலத்துல செவுத்தத் தடவித்தான் நடந்துச்சு. சோத்துல எறும்பு கெடந்தாலும் தெரியாது. நான் பாத்திருக்கேன். டாக்டர்ட்ட போனா எனக்கும் அதத்தான் சொல்லுவாக."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். மறதி இல்லை, கண் கோளாறுதான் என்பது அவளுக்கு ஒரு நொடியில் ஆறுதலாகிவிட்டது. அதுவேதான் அவருக்கு உலகத்திலேயே பெரிய பயம் என்பது இப்போதுதான் புரிந்தது. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"நீங்க என்னையவே மறந்துட்டு வாறீகன்னு நெனச்சேன்."

"ஒன்னையவா?" என்று கேட்டுவிட்டு அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "வக்கீலு என்ன சொல்றான்னு பாரு, சத்தத்த வையி" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். போகலாமா என்று கேட்கவில்லை. சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள், அவரும் போட்டுக்கொண்டார். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு கருவியிலும் முகவாயை வைக்கச் சொன்னார்கள். கடைசியில் ஓர் இளம் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "வலது கண்ணுல புரை முத்தியிருக்குங்கய்யா. வியாழக்கிழமை எடுத்துரலாம், நல்லாத் தெரியும். இடது கண்ணுல பிரஷர் இருந்திருக்கு. அதுல போன பார்வை போனதுதான். இருக்கறத விடாம மருந்து விட்டுக் காப்பாத்திக்கலாம்."

"வண்டி ஓட்டலாமா?" என்று கேட்டார் மொக்கைச்சாமி.

"ஆபரேஷன் முடியட்டும். பார்ப்போம்."

தங்கப்பொண்ணு தமிழ்வாணிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அழுத மகளிடம், வியாழக்கிழமைக்கு வந்து சேர், இட்லி அவித்து எடுத்து வர ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

காளவாசலில் பஸ் ஏறியதும் டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் சீட்டில் அவர் உட்கார்ந்தார். மருந்து விட்ட கண்கள் வெயிலில் கூசின. கொஞ்ச தூரம் போனதும், "அது என்ன போர்டு?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. தங்கப்பொண்ணு எட்டிப் பார்த்து, "டைல்ஸ் கடை" என்றாள்.

"முன்னாடி அங்க மரக்கடைல்ல இருந்துச்சு. அந்தச் செவப்பு?"

"அடகுக் கடை. பக்கத்துல புரோட்டாக் கடை, இன்னும் தெறக்கல."

முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை, அல்லது அது அவருக்குத் தெரியவில்லை. குரலைத் தணிக்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அவளும் பள்ளிக்கூடத்துக் குரலிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். விராட்டிபத்துக்கு முன்னால் நெரிசலில் பஸ் நின்றது.

"இது என்ன, பச்சையா, இம்புட்டுப் பெரிய போர்டு?"

"போர்டு இல்ல. வாழை இலை ஏத்துன லாரி. ஒட்டி நிக்குது."

அவர் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டப் போனார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. கட்டிலிருந்து நழுவித் தொங்கிய ஓர் இலையின் நுனி அவர் விரலுக்கு எட்டியது. தண்ணீர் தெளித்த இலை, சில்லென்று ஈரமாக இருந்தது. லாரி மெல்ல நகர்ந்தது. அவர் இழுக்கவில்லை, விடவுமில்லை. இலை அதன் நீளத்துக்கும் அவர் விரல்களுக்கு இடையே வழுக்கிக்கொண்டு போனது.