குலிங்கில் கட்டிய மீட்டர்

ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், மின்சாதனங்களின் காந்தப்புலத்தை அளப்பது என் வேலை. சுரபாயாவில் ஒரு சந்துக்குள் சுப்ரிஹாதின் என்ற தையல்காரியின் வீடு. அவள் மகள் நிங்ரும் இறந்தபோது பிள்ளைக்கு ஆறு வயது. பாயின் தலைமாட்டில் ராப்பகலாகச் சூட்டிலேயே கிடந்த ரைஸ் குக்கர்தான் பிள்ளையைக் கொன்றது என்று சொல்லிவிட்டு, புருஷன் வர்சித்தோ தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். எங்கள் ஊரில் யார்தான் குக்கரை அணைக்கிறார்கள்? ஒற்றை அறை வீட்டில் வேறெங்கே வைப்பாள்!

"குக்கர்தானான்னு மட்டும் சொல்லுங்கக்கா," என்றாள் சுப்ரிஹாதின்.

ஒரு நாள் முழுக்கப் பிள்ளையின் இடுப்பில் கட்டி அளக்கும் மீட்டரை, பிள்ளை இல்லாத வீட்டில் யார் இடுப்பில் கட்டுவது? நிங்ரும் கட்டிப்பிடித்துத் தூங்கிய நீளத் தலையணை, அவளுடைய குலிங், இருந்தது. அதன் நடுவில் மீட்டர் பெல்ட்டைக் கட்டிப் பாயில் கிடத்தினேன்.

"நாளைக்கு வரேன். அதுவரைக்கும் அசைக்கக் கூடாது."

மறுநாள் மீட்டரைக் கணினியில் போட்டால் கோடு தாறுமாறாக ஏறி இறங்கியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எங்க தூக்கிட்டுச் சுத்தின?"

"அவ ஒரு இடத்துல கிடக்கிற புள்ளையாக்கா? விடிஞ்சதும் தண்ணி மோட்டார்கிட்ட வந்து நிப்பா. அப்புறம் ஃபேன் முன்னால உக்காந்து 'ஆ'ன்னு கத்துவா. சாயங்காலம் நான் தைக்கையில மடியில ஏறிக்குவா. நீங்க அவளத்தானே அளக்க வந்தீங்க?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க மகளைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

பாயில் கிடந்த நேரமெல்லாம் கோடு அடியிலேயே ஒட்டியிருந்தது.

"குக்கர் இல்லம்மா. அதோட காந்தம் புள்ள படுக்கிற இடத்துக்கு வர்றதுக்குள்ள ஒண்ணுமில்லாமப் போயிடுது. உன் புருஷன்கிட்ட நானே சொல்றேன்."

அவளுக்கு மூச்சு வந்தது. குலிங்கை மடியில் வைத்தபடியே கணினியை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப இங்க மட்டும் உசரமா நிக்குதே?"

எனக்கு மறைக்கத் தெரியாத வாய். "தையல் மெஷின் மோட்டார்."

"என் மடியா?"

"இந்தா, இதனாலதான் சீக்கு வந்துச்சுன்னு உலகத்துல யாராலயும் சொல்ல முடியாது. கேக்குறியா?"

அவள் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரியில ஊசி போட்டுட்டு வந்தா மடிய விட்டு எறங்கவே மாட்டா. நானும் வச்சுக்கிட்டே தைப்பேன். எறக்கி விட்டிருக்கணுமோ அக்கா?"

நான் எதையெதையோ சொன்னேன். அவள் குலிங்கை மடியிலிருந்து எடுத்து, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல, கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.