அக்கன்னா

உலகநாத ரெட்டியாருக்கு மரியதாசு கொடுக்க வேண்டியது முப்பத்தேழு ரூபாய். கரும்புக் கொல்லையில் நின்றுபோன பிஸ்டன் பம்பை ஒரு சாமானும் உடையாமல் பிரித்து மாட்டினால் கடன் தீர்ந்தது, உடைந்தால் இரட்டிப்பு என்றிருந்தார் ரெட்டியார்.

மரியதாசு நாற்பது வயதில்தான் எழுத்து படித்தான். கழற்றிய ஒவ்வொன்றையும் பழைய வேட்டியில் வைத்து, பக்கத்தில் கரியால் அ, ஆ என்று எழுதிக்கொண்டே போனான். தோகை சலசலத்தது. மதிய வெயிலில் இரும்பெல்லாம் வேட்டியில் படுத்துத் தூங்குவதுபோல் இருந்தது. அவனுக்கும் கண் சொருகியது.

துடைத்து எண்ணெய் போட்டு, ஔவில் தொடங்கிப் பின்னோக்கி அ வரை மாட்டினான். பம்பு மூச்சுதான் விட்டது, தண்ணீர் வரவில்லை.

"இன்னாடா, எழுபத்துநாலுன்னு எழுதிக்கட்டுமா?" என்று சிரித்தார் ரெட்டியார்.

"இருங்க ஐயா."

கண்ணை மூடி, படித்த ராகத்திலேயே எழுத்துகளைச் சொன்னான். ஔவோடு நாக்கு நிற்கவில்லை. "அக்கன்னா!"

எண்ணெய்ப் பொட்டு என்று நினைத்த மூன்று புள்ளியும் அவன் எழுதியவைதான். பக்கத்து மடிப்பில் சுண்டைக்காய் அளவு வால்வுக் குண்டு கிடந்தது. மறுபடி பிரித்து, அதை முதலில் வைத்து மாட்டினான். தண்ணீர் வாய்க்காலில் குதித்தது.

"நீயே அடிச்சிக்கடா, உனக்குத்தான் எழுத்து தெரியுமே" என்று ரெட்டியார் கணக்கு நோட்டை நீட்டினார்.

தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, அதன்மேல் மெதுவாகக் கோடு இழுத்தான் மரியதாசு.